இழுப்பு இல்லாத நாளின் வேலை

இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு இழுக்கிறது. ஆட்டோ பிடித்து ஓடி, நெபுலைசர் வைத்து, விடியும் நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். மூன்று நாளைக்கு மாத்திரை, சிரப். நான்காம் நாள் பிள்ளை தெருவில் விளையாடப் போனதும் மருந்துப் பை அலமாரிக்குள் போய்விடுகிறது. அடுத்த மழைக்கு மறுபடியும் ஆட்டோ. பல வீடுகளில் ஆஸ்துமா வைத்தியம் இந்த அளவோடு நின்றுவிடுகிறது.

ஆஸ்துமாவுக்கான வேலையில் பெரும்பகுதி இழுப்பு இல்லாத நாளில்தான் நடக்க வேண்டும். எந்த மருந்தைத் தினமும் எடுப்பது, அதை எப்படி உறிஞ்சுவது, படுக்கையறையில் எதை மாற்றுவது, திணறல் வந்தால் வீட்டில் யார் என்ன செய்வது என்பதையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போதே முடிவு செய்துவிட்டால் நள்ளிரவு ஓட்டம் வெகுவாகக் குறையும். அந்த முடிவுகளை எடுக்க இந்த அத்தியாயம் உதவும்.

மூச்சுக்குழலில் நடப்பது

இழுப்பு வரும்போது மூன்று காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழலின் உட்சவ்வு வீங்குகிறது. கெட்டியான சளி சுரந்து மிச்ச வழியையும் அடைக்கிறது. காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் அதிகச் சிரமம். மூச்சை விடும்போது விசில் சத்தம் கேட்பது அதனால்தான்.

தசை இறுக்கம் மருந்து போட்ட சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். வீக்கம் அப்படி அடங்காது. இழுப்பு நின்று, ஆள் சாதாரணமாக நடமாடும் நாளிலும் உள்ளே வீக்கம் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் ஒரு சாதாரணச் சளியோ, பக்கத்து வீட்டு மிளகாய் நெடியோ போதும், குழல் மறுபடி சுருங்கிவிடும்.

ஒவ்வாமை இதில் எங்கே வருகிறது? தூசி, மகரந்தம், கரப்பான் எச்சம் போன்றவற்றைச் சிலருடைய உடம்பு எதிரியாக எண்ணி, ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பொருள் மூச்சில் ஏறும்போது ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. மூக்கில் அது தும்மலும் நீரொழுக்கும். நெஞ்சில் அதுவே இருமலும் இழுப்பும். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறவருக்கு நெஞ்சிலும் தொல்லை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் மூக்கைக் கவனிக்காமல் விட்டால் நெஞ்சு சரியாவது கடினம்.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

முதல் வகை, உடனே மூச்சைத் திறந்துவிடும் நிவாரண மருந்து. பலரும் 'அஸ்தாலின்' என்று கேட்டு வாங்கும் சால்புடமால் இந்த வகை. தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது.

இரண்டாவது வகை, வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு மருந்து. புடசோனைடு, பெக்லோமெத்தசோன், ஃபுளுடிகசோன் போன்ற ஸ்டீராய்டுகள் மிகக் குறைந்த அளவில் இன்ஹேலர் வழியே போகின்றன. போட்டவுடன் வித்தியாசம் தெரியாது; பலன் தெரியச் சில நாள்கள், சில வாரங்கள் ஆகும். 'போட்டும் ஒன்றும் தெரியவில்லை' என்று பலர் நிறுத்திவிடுவது இந்த மருந்தைத்தான்.

நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு அமைப்பான ஜினா, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சால்புடமாலை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்வதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. 200 தடவை அடிக்கும் சால்புடமால் இன்ஹேலர் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீருமானால், கடுமையான திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. புடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் பயன்படுத்தும் முறையும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

'இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரையே போதும்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சால்புடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். மாத்திரை இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கமும் படபடப்பும் தந்துவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால் நாற்பதில் ஒரு பங்கே போதுமானதாக இருக்கிறது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் பயப்படுவது நியாயமே. தடுப்பு மருந்தைப் பல வருடம் எடுக்கும் குழந்தைகளின் வளர்ச்சியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்று தெரிந்திருக்கிறது. அதற்காக அதை நிறுத்திவிட்டு, இழுப்பு வரும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டால் உடம்புக்குள் போகும் அளவு பல மடங்காகிவிடும். தூக்கம் கெட்டுப் பள்ளிக்கு லீவு போடுவது தனி நஷ்டம்.

உறிஞ்சும் முறை

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உறிஞ்சும் முறையை. தவறாகப் பயன்படுத்தினால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும்.

அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை ஸ்பேசர் குழாயோடு சேர்த்துப் பயன்படுத்துவது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டுமல்ல, எல்லோருக்குமே நல்லது.

1. நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது நில்லுங்கள். மூடியைக் கழற்றி இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கம் பொருத்துங்கள்.
2. மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள்.
3. ஸ்பேசரின் வாயை உதட்டால் இடைவெளி இல்லாமல் கவ்வுங்கள். ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.
4. மெதுவாக, ஆழமாக உள்ளிழுங்கள். சில ஸ்பேசர்களில் விசில் சத்தம் வரும். வந்தால் வேகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள்.
5. முடிந்தால் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி, பிறகு விடுங்கள்.
6. இன்னொரு முறை தேவையானால் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டு முறை சேர்த்து அழுத்தி ஒரே மூச்சில் இழுக்கக் கூடாது.
7. தடுப்பு மருந்து என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெண்படலம் வரலாம், குரல் கம்மலாம்.

மூச்சை அடக்கத் தெரியாத சின்னக் குழந்தைக்கு ஸ்பேசரோடு முகமூடி பொருத்தி, மூக்கும் வாயும் மூடும்படி பிடித்து, ஐந்தாறு மூச்சு விடும்வரை வைத்திருங்கள். அழும் குழந்தைக்கு மருந்து சரியாக உள்ளே போகாது, சமாதானப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.

ரோட்டாகேப் போட்டு இழுக்கும் பொடி இன்ஹேலருக்கு விதி நேர்மாறு: வேகமாகவும் பலமாகவும் உறிஞ்ச வேண்டும். கருவிக்குள் ஊதக் கூடாது. வாயின் ஈரம் பட்டால் பொடி கட்டிப்போகும். இழுத்த பிறகு குளிகையில் பொடி மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இன்னொரு முறை இழுங்கள். அந்தக் குளிகையை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடும் பெரியவர்களும் உண்டு. வாங்கித் தருபவர் முதல் நாளே செய்து காட்டிவிட வேண்டும்.

ஸ்பேசரை மாதம் ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். கடை ஸ்பேசர் கிடைக்காத இடத்தில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளை போட்டுப் பயன்படுத்தலாம். இழுப்பு வந்த குழந்தைகளிடம் இது கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்ததைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் லான்செட் இதழில் காட்டினார்கள்.

வீட்டுக்குள் ஒரு சுற்று

தூண்டும் பொருள் ஆளுக்கு ஆள் வேறுபடும். வீட்டையே புரட்டிப்போடும் முன்பு ஒரு மாதம் டைரி எழுதுங்கள்: எந்த நாள், எந்த நேரம், எங்கே இருந்தபோது, என்ன செய்தபோது இருமல் வந்தது. ஒழுங்கு தானாகப் புலப்படும். அதன்பின் தேவைப்பட்டால் தோல் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

*படுக்கையறை.* நாளில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கும் இடம். வேலையை இங்கே தொடங்குங்கள். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் நம் தோல் செதிலைத் தின்று வாழ்கின்றன. ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்கள் அவற்றுக்குத் தோதான இடம். வருடக்கணக்கில் பிரிக்காத இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் ஜிப் வைத்த, இறுக்க நெய்த உறையில் போடுங்கள். விரிப்பு, தலையணை உறை, போர்வையை வாரம் ஒரு முறை 55 முதல் 60 டிகிரி சூடுள்ள தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் அடைத்து வைத்த பழைய துணி, செய்தித்தாள், பஞ்சு பொம்மை எல்லாம் அறையை விட்டுப் போகட்டும். துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கல் பெருக்கினால் தூசி எழும்பி மணிக்கணக்கில் மிதக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், மின்விசிறி இறக்கை உட்பட. இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பெரிதாகப் பலன் தெரியாது. சேர்த்துச் செய்ய வேண்டும்.

*கொசுவும் புகையும்.* மலேசிய, சீனக் கொசுவர்த்திகளை எரித்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று கணக்கிட்டது. கொசுவலையும் ஜன்னல் வலையும்தான் ஆஸ்துமா வீட்டுக்கு ஏற்றவை. ஊதுபத்தியும் சாம்பிராணியும் மூடிய அறையில் வேண்டாம். பூஜைக்கு விளக்கும் பூவும் போதும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். பீடி, சிகரெட்டை வாசலில் நின்று பிடித்தாலும் சட்டையிலும் முடியிலும் புகை உள்ளே வரும்.

*சமையலறை.* மிளகாய் வறுப்பதும் தாளிப்பதும் ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு நடக்கட்டும். இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காதீர்கள். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த உறுப்புகளும் ஒவ்வாமையைத் தூண்டும். கரப்பானுக்கு ஸ்பிரே அடிப்பதைவிட மூலையில் ஜெல் வைப்பது நெஞ்சுக்கு நல்லது.

*பருவமும் பண்டிகையும்.* வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும்; கசிவை அடைக்காமல் மேலே வெள்ளையடித்துப் பயனில்லை. கொலுவுக்குப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறக்குவது, பொங்கலுக்கு ஒட்டடை அடிப்பது, வண்ணம் பூசுவது எல்லாம் ஆஸ்துமா இல்லாதவர் பார்க்க வேண்டிய வேலை. தீபாவளிப் புகைக்கும் போகிப் புகைக்கும் முன்னதாகவே தடுப்பு மருந்தை ஒரு வேளையும் விடாமல் எடுத்திருக்க வேண்டும். அந்த நாள்களில் ஜன்னலைச் சாத்திவைத்து, வெளியே போனால் என்95 முகக்கவசம் அணியுங்கள். ஊர்ப்புறத்தில் பார்த்தீனியச் செடியும் சீமைக்கருவேலமும் பூக்கும் இடங்களைத் தவிர்ப்பது மகரந்த ஒவ்வாமைக்காரர்களுக்கு நல்லது.

சாப்பாடு, விளையாட்டு, வேலை

தயிர், வாழைப்பழம், கொய்யா, ஆரஞ்சு என்று தடைப் பட்டியல் நீண்டுகொண்டே போய், கடைசியில் பிள்ளை இளைத்துவிடுகிறது. பெரும்பாலான ஆஸ்துமாவுக்கு உணவு காரணமில்லை. ஒரு பண்டத்தைச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ, வாந்தியோ, இழுப்போ வந்தால் மட்டும் அதைச் சந்தேகியுங்கள்.

விளையாட்டுக்குத் தடை போடாதீர்கள். ஓடும்போது இழுக்கிறது என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். பதின்ம வயதிலிருந்தே ஆஸ்துமா உள்ள பிரிட்டிஷ் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2003 லண்டன் மராத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி முடித்தார்; பெண்களுக்கான அந்த உலக சாதனை 2019 வரை நின்றது. ஓடுவதற்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்வதும், மருத்துவர் சொல்லியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு நிவாரண இன்ஹேலர் எடுப்பதும் பழக்கமாகட்டும். பி.டி. ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஒரு கடிதம் கொடுத்து, இன்ஹேலர் பிள்ளையின் பையிலேயே இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

நூற்பாலை, மாவு மில், மர இழைப்பகம், கார் பெயின்ட் அடிக்கும் கடை ஆகிய இடங்களில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விடுமுறையில் மூச்சு நன்றாக இருந்து, வேலைக்குப் போனதும் மோசமாகிறதா? அப்படியானால் மருத்துவரிடம் உங்கள் வேலையை விவரமாகச் சொல்லுங்கள். மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் அது தீராது.

கர்ப்பிணிகள் பயந்து இன்ஹேலரை நிறுத்துவது உண்டு. தாய்க்கு மூச்சுத் திணறினால் வயிற்றுக் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். மருந்தால் வரக்கூடியதைவிட அது பெரிய ஆபத்து.

மருந்துக் கடையில் கவனம்

வேறு நோய்க்குப் போனாலும் 'எனக்கு ஆஸ்துமா இருக்கிறது' என்று முதலில் சொல்லிவிடுங்கள். படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் புரோப்ரனலால் மாத்திரையும், கண் அழுத்தத்துக்கான டிமலால் சொட்டு மருந்தும் மூச்சுக்குழலைச் சுருக்கும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு, அதிலும் மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு, கடும் இழுப்பைக் கொண்டுவரும். ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தரும் மான்டிலுகாஸ்ட் மாத்திரையை எடுக்கும் குழந்தைக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்; 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றிக் கடும் எச்சரிக்கை விடுத்தது.

ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து பிறந்தது. நாட்டு மருந்தெல்லாம் வெறும் நம்பிக்கை என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் கஷாயம் குடிக்கிறோம் என்று தடுப்பு மருந்தை நிறுத்தக் கூடாது. 'ஒரே வாரத்தில் நிரந்தர குணம்' என்று லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடி மாயம்போல வேலை செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள்.

கட்டுக்குள் இருக்கிறதா?

மாதம் ஒரு முறை இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த நான்கு வாரத்தில்:

– வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இருமலோ இழுப்போ வந்ததா?
– இரவில் ஒரு முறையாவது இதனால் தூக்கம் கலைந்ததா?
– வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டதா?
– மாடிப்படி, விளையாட்டு, வீட்டு வேலை எதையாவது இதனால் தவிர்த்தீர்களா?

நான்குக்கும் 'இல்லை' என்றால் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ 'ஆம்' என்றால் பாதிக் கட்டுப்பாடு. மூன்று, நான்கு என்றால் மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போட வேண்டாம். மூச்சை விடும் வேகத்தை அளக்கும் 'பீக் ஃப்ளோ' மீட்டர் இருந்தால் உடம்பு நன்றாக உள்ள இரண்டு வாரம் ஊதிப் பார்த்து, உங்களின் மிகச் சிறந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள், மருத்துவர் எழுதித் தந்தபடி மருந்தைக் கூட்ட வேண்டும். 50-க்குக் கீழே சிவப்பு, உடனே நிவாரண மருந்தும் மருத்துவமனையும்.

திணறல் வந்துவிட்டால்

படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். கூட்டம் கூடி நிற்க வேண்டாம். மருத்துவர் எழுதித் தந்த அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் சால்புடமாலை ஸ்பேசரில் ஒவ்வொரு முறையாக நான்கு தடவை கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பொறுத்து, சரியாகவில்லை என்றால் இன்னும் நான்கு. அப்போதும் தேறாவிட்டால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை இதையே தொடருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் நிமிடம் எண்ணிக் காத்திருக்காமல் 108-ஐ முதலிலேயே அழையுங்கள். திணறல் குறையாமல் விசில் சத்தம் மட்டும் நின்றுபோனால் அது தேறிவிட்டதன் அறிகுறி அல்ல. காற்றே போகவில்லை என்று பொருள்.

குளவி கொட்டியோ, இறால், வேர்க்கடலை போன்றவற்றைச் சாப்பிட்டோ, ஊசி போட்டோ சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. அதற்கு உயிர் காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அவில், செட்ரிசின் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது

இன்ஹேலர், ஸ்பேசர், மீதமுள்ள மாத்திரை அட்டைகள், டைரி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். அவர் முன்னாலேயே ஒரு தடவை உறிஞ்சிக் காட்டித் தவறைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். பிறகு மூன்று கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதி வாங்குங்கள்: நன்றாக இருக்கும் நாளில் எதை எத்தனை முறை எடுப்பது, கொஞ்சம் மோசமானால் எதைக் கூட்டுவது, எந்த நிலையில் மருத்துவமனைக்கு வருவது. மூன்று மாதம் கட்டுக்குள் இருந்தால் மருந்தைக் குறைப்பது பற்றியும் அவரே முடிவு செய்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்தத் தாளைப் படம் எடுத்து வீட்டில் எல்லோருடைய செல்போனிலும் வையுங்கள். அசல் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கட்டும்.